காது குத்தாத பெட்டி

பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாக அனுப்பிய குரல் செய்தியில் கடைசி வரியைத்தான் சுகந்தி மூன்று தடவை போட்டுக் கேட்டாள். "அப்படியே உங்க வீட்டுத் துணைகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிடறோங்க" என்று பெண் நிரஞ்சனாவின் அப்பா குணசேகர் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். சுகந்திக்குத்தான் அது வீட்டைச் சோதனை போட ஆள் வருகிறது என்று காதில் விழுந்தது.

கோயம்புத்தூரில் அந்த நாட்களில் அதுதான் வழக்கம். ஒரு காலத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்து ஒரு டீயும் பப்ஸும் சாப்பிட்டால் போதும். பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், யாருடைய வண்டியில் திரும்புகிறான் என்பது வரை கல்லாவில் இருப்பவரே சொல்லிவிடுவார். பதினாறு மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரரின் பெயரே தெரியாத காலத்தில் யாரைப் போய் விசாரிப்பது? வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரிந்த ஒரே ஜீவன் துணைதான். அதை ஜீவன் என்று சொல்லலாமா கூடாதா என்பது வேறு சண்டை. பிஸ்கட் டப்பா அளவில் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு பால் வரவழைக்கும், கதவு திறக்கும், மருந்து நேரம் சொல்லும், அரட்டையும் அடிக்கும் பெட்டி. அது பொய் சொல்லக் கூடாது என்பது சட்டம். யாரோ ஒரு கெட்டிக்கார மாமனார், போன இடத்தில் சும்மா இருக்காமல் அதனிடம் திரும்பி, "பையன் எப்படி?" என்று கேட்டு வைத்தார். நாலைந்து வருஷத்தில் அதுவே சடங்காகிவிட்டது. பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, எதிரில் வெற்றிலைத் தட்டு, ஜமக்காளத்தில் சம்மணமிட்டுப் பெண்ணின் பெரியம்மா. 'துணை கேட்டல்' என்று பத்திரிகையில் அச்சடிக்காத குறைதான்.

சுகந்தி வீட்டுத் துணையின் பெயர் கிட்டு. வாங்கிப் பதினாலு வருஷம் ஆகிறது. அதன் வயதுள்ள துணைகள் எல்லாம் எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. கிட்டுவை அவள் விடவில்லை, காரணம் இருந்தது. அவள் மகன் நிகிலனுக்குப் பள்ளிக்கூட வயதில் ஒருநாள் திடீரென்று வலிப்பு வந்தது. அந்த வாரமே கிட்டு வீட்டுக்கு வந்தது. காலையும் மாலையும் அவனுக்கு மாத்திரை நேரம் சொல்வது அதுதான். வலிப்பு வரும்போதெல்லாம் நிமிஷத்தை எண்ணி, "பயப்படாதீர்கள் அம்மா, அடங்கிக்கொண்டிருக்கிறது" என்று பாடப்புத்தகத் தமிழில் நிதானமாகச் சொல்வதும் அதுதான். இப்போது நிகிலன் மேம்பாலங்களுக்கு வரைபடம் போடும் பெரிய வேலையில் இருக்கிறான். வலிப்பு வந்தே ஐந்து வருஷம் ஆகிவிட்டது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அவனும் ஊரில் எல்லோரையும் போலத்தான்.

அதைத்தான் சுகந்தி முதல் வரனிடம் வெள்ளந்தியாகச் சொன்னாள். காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போனவர்கள் சும்மாவும் போகவில்லை, சொந்தத்தில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நிகிலன் ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்றைக்குச் சுகந்தி ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மை பேசியது போதும், இனி இந்த வீட்டிலிருந்து அந்த வார்த்தை வெளியே போகாது.

அதனால் ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமையே கிட்டுவின் முன்னால் போய் நின்றாள்.

"கிட்டு, ஞாயித்துக்கிழமை ஒறம்பரை வராங்க."

"தெரியும் அம்மா. விருந்தாளிகளுக்குக் கச்சாயம் வழக்கமான கடையிலேயே சொல்லிவிடட்டுமா?"

"சொல்லு. டப்பாவை நான் மாத்திக்கறேன்."

எண்ணெயில் சுட்டெடுக்கும் அந்த வெல்லப் பலகாரம்தான் சுகந்தியின் கிரீடம். அவள் கையால் செய்த கச்சாயம் என்றால் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் தனி மதிப்பு. அது கணபதிப் பகுதியில் ஒரு சின்னக் கடையிலிருந்து வருகிறது என்பது அவளுக்கும் கடைக்காரருக்கும் கிட்டுவுக்கும் மட்டுமே தெரியும். எல்லாம் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. அவள் கணவர் மோகன்ராஜ் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எங்கம்மா கச்சாயம்னா..." என்று ஆரம்பித்தார். "ஏன், உங்கம்மாவுக்கு மட்டுந்தான் கை இருக்குதா? எனக்கும் செய்யத் தெரியும்" என்று சுகந்தி வெட்டிவிட்டாள். அப்புறம் செய்து காட்டியாக வேண்டுமே! நாலு தடவை எண்ணெயில் பிரிந்து போனபின் கடையைக் கண்டுபிடித்தாள். சுகந்தி அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விட்டதாகச் சரித்திரமே இல்லை. மோகன்ராஜ் பாவம், ஆரம்பித்த வாக்கியங்களையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார்.

"தம்பிக்கு ஒடம்பு எப்படின்னு கேப்பாங்க" என்றாள் சுகந்தி. "ஒரு குறையும் இல்லைன்னு சொல்லோணும்."

"அப்படிச் சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால்..."

"ஆனாலும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம்!"

அவள் விரல் அதற்குள் பெட்டியின் முதுகிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கிட்டுவின் முகத்திலிருந்த பச்சை விளக்கு அணைந்தது. சுகந்திக்கே கொஞ்சம் என்னவோ போலிருந்தது. துணை பேச்சுக்கு மசியாது என்பது ஊருக்கே தெரிந்ததுதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மசிகிற துணைக்குக் கிராஸ்கட் ரோட்டுச் சந்து ஒன்றில் ஜெகனின் கடை இருந்தது. முன்பக்கம் கல்யாணத்துக்கு நாற்காலி, அண்டா, ஜமக்காளம் வாடகை. பின்பக்கம் துணை வாடகை. 'காது குத்தினது' என்று ஊரில் அவற்றுக்குப் பெயர். எதிராளிக்குக் காது குத்தும் என்பதாலா, பெட்டிக்கே காது குத்திவிட்டார்கள் என்பதாலா என்று யாரும் ஆராயவில்லை.

"மங்களம்னு பேருங்க" என்று ஜெகன் ரோஜா நிறத்தில் ஒரு பெட்டியைத் துடைத்து வைத்தான். "இந்த முகூர்த்தத்துல மட்டும் பதினோரு எடத்துக்குப் போய் வந்துருச்சு. எல்லாம் ஜாம் ஜாம்னு முடிஞ்சுது."

"பொய் சொன்னா மாட்டிக்காதா?"

"அது எங்கீங்க பொய் சொல்லுது?" ஜெகன் நிஜமாகவே வருத்தப்பட்டான். "பொய் சொல்லச் சொன்னா எந்தத் துணையும் சொல்லாதுங்க. அதனால நாங்க அதுகிட்டப் பொய் சொல்லச் சொல்றதில்லை. உங்க வீட்டுல பொறந்து வளர்ந்த மாதிரி ஒரு கதையை அதுக்குள்ள ஏத்திடறோம். பையன் நல்லா ஓடியாடறாரு, காய்ச்சல்னு படுத்ததில்லை, அப்படி. அதை அது முழுசா நம்பிடும். நம்பிச் சொல்றது எப்படீங்க பொய்யாகும்?"

சுகந்திக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் மனசுக்குள் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை யாரோ கையில் கொடுத்தது போலிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றான் ஜெகன். "வெள்ளிக்கிழமையே வீட்டுல வெச்சிருங்க, கொஞ்சம் பழகட்டும். அது பக்கத்துல இருக்கறப்ப மாத்திரை மருந்துன்னு பேச்செடுக்கக் கூடாது. காதுல விழுந்துதுன்னா கதையில ஓட்டை விழுந்துரும்."

வீட்டில் நிகிலன் அந்த ரோஜாப் பெட்டியைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"இதெல்லாம் எதுக்கும்மா? நான் நிரஞ்சனாகிட்ட..."

"நிரஞ்சனாகிட்ட என்னடா? கல்யாணம் முடியட்டும் சாமி, நீயே நல்ல நேரம் பார்த்து நிதானமாச் சொல்லிக்கோ. இப்ப எதையாவது ஒளறிக் காரியத்தைக் கெடுத்துராதே."

"அம்மா, நான் சொல்ல வர்றது என்னன்னா..."

"மாத்திரையை நீயா ஞாபகம் வெச்சுப் போட்டுக்கோ, அது போதும்."

நிகிலன் அப்பாவைப் பார்த்தான். மோகன்ராஜ் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். சுகந்தி கிட்டுவை ஒரு பழைய சுங்குடிச் சேலையில் நாலு சுற்று சுற்றி, மோகன்ராஜை விட்டுப் பரணில் பித்தளை அண்டாவுக்குள் வைக்கச் செய்தாள். தூசி படக்கூடாதே!

மங்களம் வந்த பிறகு வீடு தேனாக ஒழுகியது. "அம்மா, இன்னிக்கு உங்க முகத்துல என்ன ஒரு களை!" என்று காலையில் எழுப்பியது. மோகன்ராஜ் தும்மினால்கூட நூறு ஆயுசு என்றது. நிகிலனுக்கு மட்டும் அது பேசப் பேசத் தூக்கம் கெட்டது. அலுவலகத்தில் ஒரு பாலத்துக்குக் கெடு, வீட்டில் இந்தக் கூத்து. பதினாலு வருஷமாக ஒரு குரல் சொல்லிச் சொல்லியே மாத்திரை போட்டுப் பழகியவனுக்கு அந்தக் குரல் இல்லாதபோது மாத்திரை என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. சுகந்திக்குச் சனிக்கிழமை ஒரு தடவை தோன்றியது. கேட்கலாமென்று வாயெடுத்தாள். மங்களம் பக்கத்தில் இருந்தது. கதையில் ஓட்டை விழுந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவாக்கில் மூன்று பேர் வந்தார்கள். குணசேகர் திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்துபவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் வாயில் வைக்காத மனிதர். தாயில்லாத பெண்ணை வளர்த்த பெரியம்மா வசுமதி, இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்திருந்தாள். நிரஞ்சனா அலட்டல் இல்லாத பெண். உள்ளே நுழைந்ததும் நிகிலனைப் பார்த்து, "சரியாத் தூங்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். சுகந்தியின் காதில் அது விழுந்தது. இந்தக் காலத்துப் பெண், கேட்கத்தான் செய்வாள் என்று விட்டுவிட்டாள்.

"கச்சாயம் எடுத்துக்கோங்க. வீட்டுல செஞ்சது."

"அம்மா விடியக்காலமே எந்திரிச்சு, பச்சரிசி ஊறப் போட்டு, வெல்லப்பாகு காய்ச்சி, அவங்க கையாலயே சுட்டெடுத்தாங்க" என்றது மங்களம், யாரும் கேட்காமலே. சுகந்திக்கே கூச்சமாக இருந்தது.

வசுமதி ஜமக்காளத்தில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தாள். "ஏனுங்க துணை, தம்பி எப்படி?"

"தங்கங்க. உரசிப் பார்க்கவே வேண்டாம்."

"கோவம் வருமா?"

"கோவமா? கொசுவைக்கூடக் கும்பிட்டுத்தான் தொரத்துவாருங்க."

"ஒடம்பு எப்படி?"

"ஒரு குறையும் இல்லீங்க. தலைவலின்னுகூடப் படுத்ததில்லை. எப்பப் பார்த்தாலும் ஓட்டம், ஆட்டம், வெளையாட்டுதான்."

வசுமதி திருப்தியாகத் தலையாட்டினாள். குணசேகர் மட்டும் பெட்டியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுகந்தி மனசுக்குள் ஜெகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, "நிகிலா, காபி டம்ளரை எடுத்துட்டுப் போ சாமி" என்றாள். பையன் வேலையும் செய்வான் என்று தெரியட்டுமே.

நிகிலன் தட்டோடு எழுந்தான். இரண்டடி வைத்தான். அவன் கண் ஒரு பக்கமாக நிலைகுத்தியது. தட்டு கீழே விழுந்த சத்தமும் அவன் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கை கால் விறைத்து உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

சுகந்தி கத்திக்கொண்டு ஓடினாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தடவை செய்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒரு குரல் சொல்லச் சொல்லத்தான் செய்திருக்கிறாள். இன்றைக்கு அந்தக் குரல் இல்லை. அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பெற்ற பிள்ளை கண்முன்னால் துடிக்கிறான், அவளால் அசைய முடியவில்லை.

"மங்களம், டாக்டரைக் கூப்பிடு!" என்று மோகன்ராஜ் அலறினார்.

"எதுக்குங்க?" என்றது மங்களம், அதே தேன் குரலில். "தம்பிக்கு ஒரு குறையும் இல்லீங்க. நல்லா வெளையாடிட்டு இருக்காரு."

வசுமதிதான் முதலில் அசைந்தாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி நிகிலன் கையில் திணிக்கப் போனாள். "இரும்பு குடுங்க, இரும்பு குடுத்தா நின்னுரும்!"

"வேண்டாம் பெரிம்மா." நிரஞ்சனா அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிதறிய டம்ளர்களைக் கையால் ஒதுக்கினாள், நாற்காலியைத் தள்ளினாள், தன் துப்பட்டாவைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தாள், சட்டைக் காலரைத் தளர்த்தினாள். "யாரும் புடிச்சு அமுக்காதீங்க. வாயில எதையும் வெக்காதீங்க. மாமா, அந்த ஃபேனைப் போடுங்க. அத்தை, அவரு மாத்திரை போட்டு எத்தனை நாளாச்சு?"

சுகந்தி அவளையே பார்த்தாள். மாத்திரை என்ற வார்த்தை இந்தப் பெண்ணின் வாயில் எப்படி வந்தது?

நிரஞ்சனா மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுப்பு குறைந்து, நின்றது. அவனைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்து வாயோரத்தைத் துடைத்தாள். "ரெண்டு நிமிஷந்தான். இனித் தூங்குவாரு. எந்திரிக்கட்டும், அப்புறம் டாக்டர்கிட்டப் பேசிக்கலாம்."

நிகிலனைக் கட்டிலில் கொண்டுபோய் விட்டுத் திரும்பியபோது குணசேகர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எந்திரி அம்மணி, போலாம்."

"அப்பா..."

"வியாதி யாருக்கு வேணா வரும், அதைப் பத்தி நான் ஒண்ணும் பேசலை. ஆனா பெத்த புள்ளை துடிக்கையில வெளையாடறான்னு சொல்ற மிசினைக் கொண்டாந்து வெச்சாங்க பாரு. இந்த வீட்டுல நாளைக்கு நீ துடிச்சாலும் அதையேதான் சொல்லும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை என்பது சுகந்திக்குத் தெரிந்தது. ஊருக்குக் காது குத்தலாம் என்று போனவள் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் நிரஞ்சனா.

"என்ன தெரியும்?"

"அவருக்கு வலிப்பு இருக்கறது. ரெண்டாவது தடவை நாங்க வெளியில பார்த்துப் பேசினப்பவே சொல்லிட்டாரு. மாத்திரை பேரு, விழுந்தா என்ன பண்ணோணும், எல்லாம் சொன்னாரு. நானும் போய் டாக்டரைப் பார்த்துப் பேசிட்டுத்தான் சரின்னேன். உங்ககிட்டயும் சொல்லலாம்னு சொன்னாரு, நாந்தான் முதல்ல அவங்க வீட்டுல பேசச் சொன்னேன்." அவள் சுகந்தியின் பக்கம் திரும்பினாள். "பேச வந்தாராம். நீங்க முடிக்க விடலையாம் அத்தை."

சுகந்தி அழுகையை நிறுத்திவிட்டாள். நிரஞ்சனாகிட்ட, நிரஞ்சனாகிட்ட என்று அவன் இழுத்த வாக்கியத்தின் மிச்சம் இதுதானா?

"உங்க வீட்டுப் பெட்டி எங்கீங்க? நெசமானது?" என்று குணசேகர் கேட்டார். செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது.

சுகந்தி வாயைத் திறக்குமுன் மோகன்ராஜ் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவ்வளவு வேகத்தில் அவர் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. அண்டாவிலிருந்து சேலைப் பொட்டலத்தை இறக்கி, சுற்றுகளை அவிழ்த்து, மேஜையில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு சிமிட்டியது.

"...எதுவும் சொல்லவும் மாட்டேன்" என்றது கிட்டு.

புதன்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"உடம்பு நிகிலனுடையது. சொல்வதும் சொல்லாததும் அவருடைய விருப்பம். யார் கேட்டாலும், அதை அவரிடமே கேளுங்கள் என்பேன். அது போதுமா அம்மா?" பிறகு ஒரு சின்ன இடைவெளி. "நாள் மாறியிருக்கிறதே. நிகிலன் மாத்திரை போட்டாரா?"

என்னை ஏன் அணைத்தாய், எங்கே வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுகந்தி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "போடலை கிட்டு, போடலை. விழுந்துட்டான்" என்று விம்மினாள்.

"இப்போது மூச்சு சீராக இருக்கிறதா? அறையில் கேட்கிறது, சீராகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் பேசி, விழித்ததும் என்ன தர வேண்டும் என்று கேட்கிறேன். பயப்படாதீர்கள் அம்மா."

குணசேகர் பக்கத்தில் வந்தார். சாயத் தண்ணீரைக் குடுவையில் எடுத்துப் பார்க்கிற முகம்.

"சித்தெ இரு. நான் உன்னைக் கேட்டிருந்தா நீயும் மறைச்சுத்தானே இருப்பே? அந்த ரோஸ் பெட்டிக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"சொல்ல மாட்டேன் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். இங்கே கேட்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்."

"ஒண்ணுமே சொல்லாத பெட்டிகிட்ட எதுக்குத் தட்டு வெச்சுக் கேக்கோணும்?" என்றாள் வசுமதி, சாவிக்கொத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டே.

"நானும் அதைத்தான் யோசித்தேன் அம்மா. மனிதர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே."

குணசேகர் சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைத் தேடுவதை நிறுத்தியிருந்தார். "இருந்தாலும் இவங்க பண்ணுனது..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா" என்றாள் நிரஞ்சனா. "அடுத்த ஞாயித்துக்கிழமை இவங்க நம்ம வீட்டுக்கு வரப்போ வெக்க இந்த மாதிரிப் பெட்டிக்கு நீங்க எந்தக் கடையில சொல்லி வெச்சிருக்கீங்க?"

குணசேகர் உத்தரத்தைப் பார்த்தார். வசுமதி ஜமக்காளத்தின் நூலைப் பிரித்தாள்.

"கிராஸ்கட் ரோட்டுல ஒரு பையன்" என்றார் கடைசியில், சுரத்தில்லாமல். "இவ சமைக்க மாட்டா, எனக்கும் இவளுக்கும் தெனம் சண்டைன்னு எங்க துணை போட்டுக் குடுத்துருமோன்னுதான். மங்களம்னு ஒண்ணு இருக்குதாம், இந்த வாரம் எங்கியோ போயிருக்குதுன்னான்."

எல்லோர் பார்வையும் ரோஜாப் பெட்டியின் மேல் போயிற்று. "வாங்க, வாங்க, எல்லாரும் காபி சாப்பிட்டீங்களா?" என்றது மங்களம். மோகன்ராஜ் போய் பொத்தானை அழுத்தி அதை அணைத்துவிட்டு வந்தார். முதலில் சிரித்தது வசுமதி. அப்புறம் குணசேகர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

கொஞ்ச நேரத்தில் நிகிலன் எழுந்து வந்தான். முகம் வெளிறி, தலைமுடி கலைந்து, கூட்டத்தைப் பார்த்து மலங்க மலங்க விழித்தான். நிரஞ்சனா நகர்ந்து இடம் கொடுத்தாள். டாக்டர் சொன்னபடி கிட்டு மாத்திரையைச் சொல்ல, அவன் விழுங்கினான். யாரும் அதைப் பார்க்காதது போல் நடிக்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் வெளியாள் முன்னால் அவன் மாத்திரை போட்டது அதுதான் முதல் தடவை என்பது சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் நெனைக்கலை தம்பி" என்றார் குணசேகர் அவனிடம். "சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லியிருக்கீங்க. எனக்கு அது போதும்." பிறகு தட்டிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்து, சுற்றும் முற்றும் பார்த்தார். மனிதருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "ஏப்பா கிட்டு, ஒரே ஒரு கேள்வி. இந்தக் கச்சாயம் நெசமாலுமே இவங்க கையால சுட்டதுதானா?"

சுகந்திக்குப் பகீரென்றது.

"அதை அம்மாவிடமே கேளுங்கள்" என்றது கிட்டு.

கூடம் முழுவதும் அவளைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கிட்டு மூச்சு விடாது. முப்பது வருஷமாக வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றிலும் காப்பாற்றிய கிரீடம். சுகந்தி கிட்டுவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், சுங்குடிச் சேலையை மடியில் மடித்துக்கொண்டாள்.

"கடையில வாங்குனதுங்க" என்றாள். "கணபதியில. எனக்குக் கச்சாயம் சுடவே தெரியாது. ஒரு தடவைகூட ஒழுங்கா வந்ததில்லை."

சொல்லி முடித்ததும் உடம்பிலிருந்து என்னவோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

"நானும் சமைக்க மாட்டேன் அத்தை" என்றாள் நிரஞ்சனா. "அந்தக் கடை எங்கன்னு சொல்லுங்க."

"அதனால என்னம்மா தங்கச்சி" என்றார் குணசேகர் சுகந்தியிடம், வாய் நிறைய. தங்கச்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து தானாக வந்தது. நிகிலன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான்.

மோகன்ராஜ் தொண்டையைக் கனைத்தார். "சுகந்தி..."

வழக்கம்போல அவள் வாய் திறந்தது. அப்புறம் அதை மூடிக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள்.

சந்தர்ப்பம் கிடைத்த திகைப்பில் கையிலிருந்த கச்சாயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல ஒண்ணு சொல்ல வந்தேன், ஞாபகம் இருக்குதா? எங்கம்மா கச்சாயம்னா..."

"ம்."

"கணபதியில ஒரு கடை இருக்குது, அங்கதான் வாங்குவாங்கன்னு சொல்ல வந்தேன்."